கலைக்க முடியாத வேஷம்

உங்கள் வீட்டில் ஏழெட்டு வயதில் ஒரு வாண்டு இருந்தால், இந்தக் கதை உங்களுக்குப் புதுசு இல்லை. ஸ்கூல் விட்டு நாலு மணிக்கு வரும். பையை ஒரு மூலையில் கடாசும். பால் குடிக்கும், விளையாடப் போகும், டி.வி. பார்க்கும், சாப்பிடும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போர்வையை இழுத்துக்கொண்டே சாவகாசமாகச் சொல்லும்: “அம்மா, நாளைக்கு ஃபேன்ஸி டிரஸ்!”

முன்பெல்லாம் இதற்குப் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டோம். வேட்டி, கம்பு, மூக்குக்கண்ணாடி என்றால் காந்தி. முண்டாசும் மீசையும் பாரதி. சட்டையில் ஒரு ரோஜாப்பூவைக் குத்திவிட்டால் நேரு மாமா ரெடி. இப்போது காலம் மாறிவிட்டது. அக்டோபர் 31 வந்தால் ஹாலோவீன் என்கிறார்கள். மேல்நாட்டில் பிள்ளைகள் பேயாகவும் பிசாசாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற நாள். அது நம்மூர் அப்பார்ட்மென்ட்டுகளுக்கும் சில இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளுக்கும் மெதுவாக வந்து சேர்ந்துவிட்டது. பையன் கேட்பது காந்தி இல்லை, பைரேட். அதாவது, கடல் கொள்ளைக்காரன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கொள்ளைக்காரன் டிரஸ்ஸுக்கு எங்கே போவது? வீட்டில் இருப்பதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டையைத் தொளதொளவென்று மாட்டிவிடுங்கள். அக்காவின் சிவப்பு துப்பட்டா இடுப்புக் கச்சை. பேன்ட்டின் கால்களை சாக்ஸுக்குள் செருகிவிட்டால் கப்பல்காரன் களை வந்துவிடும். கறுப்பு சார்ட் பேப்பரை மூன்று பக்கமும் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் தொப்பி. மிச்சமான துண்டில் ஒற்றைக்கண் பட்டை. கட்டுவதற்குப் பழைய எலாஸ்டிக். அட்டைப்பெட்டியில் வாள் வெட்டி, மேலே சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத்தாளை ஒட்டுங்கள். மீசைக்குக் கண்மை. தொப்பியின் நடுவில் மண்டையோடும் இரண்டு எலும்பும் வரைய வேண்டுமே, மாதிரிக்கு எங்கே போவது என்று தவிக்காதீர்கள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ‘அபாயம்’ என்று எழுதித் தொங்குகிறதே, அதுதான்.

எல்லாம் முடிந்து பையன் கண்ணாடி முன் நிற்கும்போதுதான் ஆயா எழுந்து வருவார். “ஏன்டா கண்ணு, போயும் போயும் திருட்டுப்பய வேஷமா? காந்தி வேஷம் போடக் கூடாதா?”

நாம் சிரித்துவிட்டு ஆயாவைப் படுக்கச் சொல்லுவோம். ஆனால் ஆயா கேட்டது சின்னக் கேள்வி இல்லை. கெட்டவன் வேஷம் போட்டால் கெட்டது ஒட்டிக்கொள்ளுமா? நல்லவன் வேஷம் போட்டால் நல்லது ஒட்டிக்கொள்ளுமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். சுதந்திரம் வாங்கிய நாளிலிருந்து இந்த நாட்டு ஸ்கூல் மேடைகளில் ஏறி இறங்கிய காந்திகளுக்குக் கணக்கே கிடையாது. ஒட்டுவதாக இருந்தால் இந்நேரம் நம் ஊரில் லஞ்சம் என்ற வார்த்தையே மறந்துபோயிருக்க வேண்டும்.

முதல் கேள்விக்கும் நம் ஊரே பதில் வைத்திருக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கம் தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். பெரிய கிரீடமும் புஜகீர்த்தியுமாக, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வரும்போது குழந்தைகள் அலறும். விடிந்ததும் அதே ஆள் முகத்தைக் கழுவிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். யாரும் பயப்படுவதில்லை. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசித் திருவிழாவில் ‘வேடுபறி’ என்றே ஓர் உற்சவம் உண்டு. திருமங்கை மன்னன் வழிப்பறிக்காரராக இருந்து பெருமாளையே மடக்கிய கதையை, கோயிலுக்குள்ளேயே நடித்துக் காட்டுகிறார்கள். திருடன் வேஷம் நமக்கு அந்நியச் சரக்கு இல்லை.

இன்னொரு வேடிக்கை. பையன் போட்டிருப்பது கொள்ளைக்காரனின் உடையே இல்லை. அந்தக் காலத்துக் கடல் கொள்ளைக்காரன் தனக்கென்று யூனிஃபார்ம் வைத்திருக்கவில்லை. மற்ற மாலுமிகள் எதை உடுத்தினார்களோ, அதையே உடுத்தினான். தலைத்துணியும் இடுப்புக் கச்சையும் காது வளையமுமாக நாம் பார்க்கிற உருவத்தைப் பெரும்பாலும் உண்டாக்கியவர் ஹோவர்ட் பைல் என்ற அமெரிக்க ஓவியர். 1911-ல் இறந்தவர். கதைப் புத்தகங்களுக்காக அவர் வரைந்த படங்களைப் பார்த்து ஹாலிவுட் உடை தைத்தது. ஹாலிவுட்டைப் பார்த்து நாம் சார்ட் பேப்பர் வெட்டுகிறோம்.

அப்படியானால் நிஜக் கொள்ளைக்காரனை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? முடியாது. அதுதான் விஷயம்.

மஞ்சக்குப்பத்துக்குப் பக்கத்தில்தான் தேவனாம்பட்டினம் கடற்கரை. 1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்த கோட்டையைச் செஞ்சி மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கி, ‘செயின்ட் டேவிட் கோட்டை’ என்று பெயர் வைத்தது. கூடவே ஒரு நிபந்தனை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை உள்ள நிலம் கம்பெனிக்கு. சும்மா விடுவார்களா? நல்ல பீரங்கியாக, கைதேர்ந்த ஆளாகப் பார்த்துச் சுடவைத்தார்கள். அன்று கம்பெனி கைக்குப் போன ஊர்களுக்கு ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் நின்றுவிட்டது. அந்தக் கிராமங்களில் உழுதுகொண்டிருந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது சென்னைக்கு கவர்னர், எலிஹு யேல். பிற்பாடு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். கண்ணுக்குப் பட்டை கட்டிக்கொள்ளவில்லை. தொப்பியில் மண்டையோடு கிடையாது. கையெழுத்து, முத்திரை எல்லாம் முறைப்படி நடந்தது.

ஐந்து வருஷம் கழித்து, 1695-ல், ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலேயக் கொள்ளைக்காரன், மெக்காவிலிருந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘கஞ்ச்-இ-சவாய்’ என்ற மொகலாயக் கப்பலைச் சூறையாடினான். செய்தி கேட்டுக் கொதித்த ஔரங்கசீப்பின் அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சூரத்தில் இருந்த கம்பெனி வியாபாரிகளைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். அதே நாடு, அதே தொப்பி. எவன் வியாபாரி, எவன் கொள்ளைக்காரன் என்று பார்த்ததும் சொல்ல முடியுமா? எவ்ரி கடைசிவரை பிடிபடவே இல்லை.

அடுத்த வருஷம் வில்லியம் கிட் என்ற கேப்டன், கொள்ளைக்காரர்களைப் பிடிப்பதற்கென்றே இங்கிலாந்து அரசரின் உத்தரவோடு கப்பல் ஏறினார். 1698-ல் நம் மலபார்க் கடலோரத்தில் ஒரு வியாபாரக் கப்பலை அவரே மடக்கிக்கொண்டார். 1701-ல் லண்டனில் கொள்ளைக்காரன் என்று தூக்கில் போட்டார்கள். போலீஸாகப் புறப்பட்டவர் திருடனாகத் திரும்பியிருக்கிறார். உடுப்பு ஒன்றுதான்.

ஆயாவிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்: கொள்ளைக்காரன் கொள்ளைக்காரன் வேஷத்தில் வரமாட்டான், ஆயா. பயப்பட வேண்டியது நல்ல வேஷத்துக்கு.

இதைச் சொல்ல இங்கிலாந்துவரை போகவே வேண்டாம். கடலூரில் கடலில் கலக்கிறதே தென்பெண்ணை, அதன் கரையோடு மேற்கே போனால் திருக்கோவிலூர். அங்கே ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். அவரைப் போரில் ஜெயிக்க முடியாத முத்தநாதன் என்ற பகைவன், உடம்பெல்லாம் திருநீறு பூசிச் சடைமுடியோடு, சிவனடியார் வேஷத்தில் வந்தான். கையில் சுவடிக் கட்டு, அதற்குள் கத்தி. உபதேசம் சொல்ல வந்ததாகச் சொல்லித் தனிமையில் உட்கார்ந்தான். அரசர் குனிந்து வணங்கிய நேரத்தில் குத்தினான். பாய்ந்து வந்த மெய்க்காவலன் தத்தனைத் தடுத்து, ‘இவரை யாரும் தொடாமல் ஊர் எல்லை தாண்டி விட்டுவிட்டு வா’ என்று அனுப்பினார் அரசர். அவன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான் என்ற சேதி வரும்வரை உயிரைப் பிடித்துவைத்திருந்தார்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிற கதை இது. சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படுகிற நூல். பக்தியின் உச்சம் என்பார்கள். ‘இப்படியும் ஒரு ஏமாளியா’ என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அன்றைக்குத் திருநீறு பூசிய அந்த ஆளை ஊர்க்காரர்கள் அடித்தே கொன்றிருந்தால், மறுநாள் நிஜமான அடியார் ஒருவர் பசியோடு எந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்? எந்தக் கதவு திறக்கும்? முத்தநாதன் குத்தியது ஓர் அரசரை மட்டுமா? அந்த வேஷத்தின் மேல் ஊர் வைத்திருந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான் குத்தினான். முதல் காயத்தை விட்டுவிட்டு இரண்டாவது காயத்துக்கு மருந்து போட்டார் அரசர்.

முத்தநாதன்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். செல்போன் வீடியோவில் போலீஸ் யூனிஃபார்மோடு வந்து, ‘உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்’ என்று மிரட்டிப் பென்ஷன் பணத்தைப் பிடுங்குகிற கும்பல்களைப் பற்றி 2024-ல் பிரதமரே ரேடியோவில் எச்சரிக்க வேண்டியிருந்தது. பார்க்கிறவருக்கும் வேஷம் என்று தெரிந்தால் அது ஆட்டம். தெரியாமல் மறைத்தால் மோசடி. அந்த வகையில் நம் பையனின் அட்டைக்கத்தி சுத்தமான சரக்கு.

சரி, எல்லோருக்கும் தெரிந்தே போடுகிற வேஷத்தில் தப்பே கிடையாதா? இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

ஸ்கூல் மேடைகளில் இன்னொரு வேஷமும் ரொம்பப் பிரபலம். கிழிந்த சட்டை, முகத்தில் கரி, கையில் தகர டப்பா. “அம்மா தாயே, பிச்சை போடுங்க” என்று மழலையில் சொன்னதும் அரங்கமே கைதட்டும். பாசிமணியும் கூடையுமாகக் குறத்தி வேஷமும் உண்டு. ஃபர்ஸ்ட் பிரைஸ் பல சமயம் இவர்களுக்குத்தான்.

ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். யாரைப் போல வேஷம் போட்டிருக்கிறோமோ, அந்த ஆள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவரும் கைதட்டுவாரா? 1695-ன் எவ்ரி எழுந்து வரப்போவதில்லை. ஆனால் தகர டப்பாவோடு நிஜமாகவே ஒருவர் ஸ்கூல் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். நம் குழந்தை ராத்திரி எட்டு மணிக்கு வேஷத்தைக் கலைத்துவிட்டு இட்லி சாப்பிடும். அவரால் கலைக்க முடியாது.

2023-ல் தமிழக அரசு ‘குறவன் குறத்தி’ ஆட்டத்துக்குத் தடை போட்டது நினைவிருக்கலாம். எங்கள் பெயரை வைத்து மேடையில் ஆபாசமாக ஆடி எங்களைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று அந்தச் சமூகத்தார் கோர்ட்டுக்குப் போன பிறகு வந்த தடை. கலைக்குத் தடை போடலாமா என்று நீங்கள் வாதம் பண்ணலாம். பண்ணுங்கள். ஆனால் ஆடியவர் ஒப்பனையைக் கழுவியதும் அந்தப் பெயரை மேடையிலேயே விட்டுவிட்டுப் போனார். அந்தப் பெயரோடு வேலைக்கும், வாடகை வீட்டுக்கும், பெண் கேட்கவும் போக வேண்டியவர்கள் இவர்கள். அதையும் உங்கள் வாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“அப்படிப் பார்த்தால் நம்ம சாமியே பிச்சைக்கார வேஷம் போட்டிருக்கே?” என்று கேட்பீர்கள். உண்மை. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் நடக்கிற திருவிழாவில், தேருக்கு முதல் நாள், பிச்சாண்டவர் தங்க ரதத்தில் வீதியுலா வருகிறார். கையில் கபாலம், நம் பையன் தொப்பியில் வரைந்த அதே மண்டையோடு. தாருகாவனத்து முனிவர்களின் ஆணவத்தை அடக்கச் சிவன் எடுத்த கோலம் என்பது கதை. கவனியுங்கள், யார் கீழே இறங்குகிறார்கள்? பெரியவர் இறங்கி வருகிறார். அடி விழுவது, எல்லாம் தெரியும் என்று நினைத்தவர்களின் தலைக்கனத்துக்கு.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் போயிருக்கிறீர்களா? நம் ஊர் ஹாலோவீன் என்றே சொல்லலாம். நேர்ந்துகொண்ட பக்தர்கள் காளியாக, ராஜாவாக, போலீஸாக, குரங்காக, பிச்சைக்காரனாக வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை கேட்டுப் போகிறார்கள். சேர்ந்த காசைக் கோயிலில் செலுத்துகிறார்கள். நல்ல வேலையில் இருக்கிறவர் முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று கை நீட்டுகிறார். சில வீடுகளில் போடுவார்கள். சில வீடுகளில் ‘போய்ட்டு வா’ என்பார்கள். அந்தப் ‘போய்ட்டு வா’வை வாங்கிக்கொண்டு நடந்தால் ஆளுக்குள் ஏதோ ஒன்று இறங்கத்தான் செய்யும். வேஷம் அதே பிச்சைக்காரன்தான். ஆனால் இங்கே மட்டம்தட்டப்படுவது வேஷம் போட்டவர். ஸ்கூல் மேடையில் மட்டம்தட்டப்படுவது அங்கே இல்லாத ஒருவர்.

சிதம்பரத்தைச் சொல்லிவிட்டு நந்தனாரைச் சொல்லாமல் விட முடியுமா? கொள்ளிடக்கரை ஆதனூரிலிருந்து ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று ஏங்கியவர். பிறந்த குலத்தைக் காட்டி வாசல் அடைத்திருந்தது. தீயில் மூழ்கி, மார்பில் பூணூலோடு முனிவர் கோலத்தில் எழுந்த பிறகுதான் உள்ளே போனார் என்கிறது புராணம். யோசித்தால் வலிக்கிறது. அந்த மனிதரின் அன்பில் ஒரு குறையும் இல்லை. மாற்ற வேண்டியிருந்தது, பார்க்கிறவர்களுக்கான தோற்றம். வேஷம் என்பது சில சமயம் நாம் போட்டுக்கொள்வது இல்லை. அடுத்தவர் கண் நம் மேல் போர்த்திவிடுவது.

அதற்கு உயிர்ப்பலியே உண்டு. கடல் கொள்ளை ஒன்றும் முடிந்துபோன கதை இல்லை. 2010-ல் சோமாலியக் கொள்ளையர் பிடித்த ‘ஐஸ்பெர்க் 1’ கப்பலின் மாலுமிகள், இந்தியர்கள் உட்பட, 2012 டிசம்பர்வரை சிறையிருந்தார்கள். இந்தப் பயத்தில் பல கப்பல்கள் துப்பாக்கிக் காவலோடு போக ஆரம்பித்தன. 2012 பிப்ரவரி 15. கேரளக் கடலோரத்தில் ‘செயின்ட் ஆன்டனி’ என்ற மீன்பிடிப் படகு போய்க்கொண்டிருந்தது. எதிரே ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல். அதில் காவலுக்கு இருந்த இத்தாலிய வீரர்கள் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்துப்போனார்கள். ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். கடல் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்தோம் என்றார்கள். வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயம்வரை போனது. 10 கோடி ரூபாய் இழப்பீடு வந்த பிறகு, 2021-ல் நம் சுப்ரீம் கோர்ட் வழக்கை முடித்துவைத்தது.

அந்த இருவரும் தலையில் மண்டையோட்டுத் தொப்பி வைத்திருக்கவில்லை. கண்ணில் பட்டை இல்லை. பிழைப்புக்குக் கடலுக்குப் போனார்கள், அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்த ஒரு ஜோடிக் கண்கள் அவர்களுக்குக் கொள்ளைக்காரன் வேஷம் கட்டிவிட்டன. அதைக் கலைக்க அவர்களுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை.

கடலில் மட்டும்தானா இது? ராத்திரி பஸ் ஸ்டாண்டில் அழுக்கு லுங்கியோடு நிற்கிறவரை, வீட்டில் ஏதாவது காணோம் என்றதும் நம் கண் முதலில் தேடுகிற வேலைக்காரம்மாவை, நாம் எந்தத் தூரத்திலிருந்து பார்க்கிறோம்?

அதனால், பையன் கொள்ளைக்காரன் வேஷம் கேட்டால் தாராளமாகப் போட்டுவிடுங்கள். கடையில் வாங்காதீர்கள், வீட்டிலேயே செய்யுங்கள். தொப்பி சார்ட் பேப்பர், வாள் அட்டை, மீசை கண்மை என்று தன் கையாலேயே ஒட்டிப் பார்த்த பிள்ளைக்கு, வேஷம் என்பது எதனால் ஆனது என்று தெரிந்திருக்கும். பிச்சைக்காரன் வேஷம் கேட்டால் மட்டும், கேட்டுக்கு வெளியே இருக்கிறவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

போட்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். படகுகள் கரையேறி, வலையை உதறிக்கொண்டிருப்பார்கள். வெயிலில் கறுத்த முகம், தலையில் கட்டிய துணி, மடித்துக்கட்டிய லுங்கி. கிட்டே போகச் சொல்லுங்கள். “மாமா, இன்னிக்கு என்ன மீனு?” என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் பதில் சொல்லுவார். பக்கத்தில் நின்று நீங்களும் கேளுங்கள்.